பெட்டிக்குள் அடங்காத வரி

கிர்ருனு கேக்குதே, அது ஒண்ணுமில்ல தம்பி, ஜெராக்ஸ் மிஷின் சூடாவுது. ரெண்டு நிமிஷம் ஆவும், உக்காருங்க. வக்கீலுக்கா? அப்ப மூணு காப்பியா எடுத்துக்குங்க.

இந்த நோட்டீஸ எங்கிருந்து பிச்சீங்க? கம்பெனியில தகடு அமுக்கற பிரஸ் மிஷின் பக்கத்துலயா. ம். நம்ம கடையில அடிச்சதுதான். தமிழ், கன்னடம், இந்தி, உங்க ஒடியா, நாலும் ஒரே பக்கத்துல.

உங்க எழுத்து, வரிசையா குடை புடிச்சு நிக்கற ஆளுங்க மாதிரி இருக்கும். எனக்கு ஒரு எழுத்துகூட படிக்கத் தெரியாது. மொதல்ல வெறும் கட்டங்கட்டமாத்தான் வந்துச்சு. ஃபான்ட் தேடி எறக்கி, யாரும் சொல்லிக்குடுக்காம நானே நேராக்குனேன்.

செத்தது அண்ணனா? தம்பியா... சுபாஷா. ம்.

கம்பெனியில என்ன சொல்றாங்க? அவன் பாஷையிலயே ஒட்டியிருந்தோம், படிச்சும் கேக்கல, தப்பு அவன்மேலதான்னா? ஊர்ல உங்கம்மாவும் அதையே நம்பறாங்களா.

இப்படி வாங்க. ஸ்கிரீனப் பாருங்க. இது அவங்க மெயில்ல அனுப்புன மேட்டர். பேப்பர்ல செய்தி பாத்ததுலருந்து தொறந்து வெச்சிருக்கேன், படிச்சுச் சொல்லத்தான் ஆளு இல்ல. ஒடியாவுல கடைசி வரிய மட்டும் தமிழ்ல சொல்லுங்க.

லைட் அணைஞ்சாலும் மிஷின் இன்னொருதரம் எறங்கும், அதுவரைக்கும் உள்ள குனியாதன்னா? அப்படியா இருக்கு.

இப்ப உங்க கையில இருக்கறதப் பாருங்க. அந்த வரி இல்லல்ல?

ஒடியா மட்டும் நீளம் தம்பி. ஸ்கிரீன்ல எழுத்துக்குப் போட்ட பெட்டிய மீறி வழிஞ்சா மூலையில செவப்புக் குறி நிக்கும். எழுத்தச் சின்னதாக்கலாம்னேன். கம்பெனியில சேஃப்டி பாக்குற பிரேம்குமார் சாரு ஒத்துக்கல. விடிஞ்சா ஆடிட், நாலும் ஒரே சைஸ்ல இருக்கணும்னுட்டாரு. மத்த மூணுலயும் இந்த எச்சரிக்கை மேலயே வந்துருது, கடைசி வரி இப்படிக்கு நிர்வாகம். இதுவும் அதாத்தான் இருக்கும்னு வெட்டிட்டேன். செவப்பு போயிருச்சு.

அந்த நோட்டீஸு இன்னும் இருபது மிஷின்ல தொங்குது. காலையிலருந்து கூப்புடறேன், சாரு போன எடுக்கல. ரெண்டு மணிக்கு அடுத்த ஷிஃப்ட்டு உள்ள போவும்.

மெயிலையும் பிரிண்ட் போட்டுட்டேன், வெச்சுக்குங்க. காசெல்லாம் வேணாம். ரத்தினவேல்னு என் பேர வக்கீல்கிட்ட சொல்லுங்க. இதையும் சொல்லிருங்க, இப்படிக்கு நிர்வாகம்னு எழுத அவ்ளோ நீளம் ஆவாதுன்னு எனக்கு அன்னைக்கே தோணுச்சு.

வாங்கக்கா, பாஸ்போர்ட் சைஸ் போட்டோவா? எட்டு போதுமா? பின்னால அந்த வெள்ளத் துணி முன்ன உக்காருங்க, வரேன்.