மரம் வெட்டாத படம்

பக்கத்து சீட்டுப் பேச்சைக் கேட்பதற்காகத் தூங்குவதுபோல் நடித்து, நடிப்பு முற்றி நிஜமாகவே தூங்கி, இறங்கவேண்டிய ஊரைப் பலமுறை தவறவிட்ட மடையன் நான். அன்று திருச்செங்கோட்டில் பஸ் ஏறி சேலம் போகையில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது, முன்சீட்டில் ஒரு பெண் புருஷனிடம் சொன்ன வார்த்தை.

"ஏனுங்க, காட்டைக் காப்பாத்தற படமாப் பாத்து கேசட் எடுங்க."

வீட்டோடு உட்கார்ந்து படம் பார்க்க, டிவியும் கேசட் போடும் டெக்கும் வாடகைக்கு எடுக்கப் போகிறார்கள்.

"ஒறம்பரைச் சனமெல்லாம் வருது புள்ள. சண்டைப்படம் வேண்டாமா?"

"இதுலயும் சண்டை இருக்குமுங்க. மரம் வெட்டறவனை அடிப்பாங்க."

"எங்கப்பன் முன்னாலயா?"

"அவரு பாக்கோணும்னுதான். வாசல் வேப்பமரத்தைத் திங்கக்கெழமை வெட்டறேங்கறாரு, லாரி நிறுத்தவாம். படத்தைப் பாத்தாவது மனசு எளகட்டும்."

"போன தடவை யானை செத்த படத்துக்குத் துண்டு நனைய அழுதாரு. மறுநாளே கெழட்டு எருதை அடிமாட்டுக்கு ஓட்டிவுட்டாரு."

"அதுக்குத்தான் இந்தத் தடவை ரண்டு கேசட்டு."

ஆட்டையாம்பட்டியில் புருஷன் முறுக்கு வாங்க இறங்கினார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, மரத்துல மஞ்சள் துணி சுத்திப் பொட்டு வெச்சுட்டா அது சாமி மரம். எந்த மாமனாரும் கோடாலி தூக்க மாட்டார். படமே வேண்டாமே" என்றேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது விடியாலயே சுத்தியாச்சுங்க, படம் எனக்கு."