ஈயப் பிரிவிலிருந்து வீட்டுக்குப் போன பால்

தோட்டாத் தொழிற்சாலையின் குளியல் கூடத் திறப்பு விழாவில், ஈயம் உருக்கும் பிரிவின் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை

மின்விசிறிக் காற்று எட்டாத நாற்காலியில் ஒரு மணி நேரமாக வியர்த்தபடி அமர்ந்து, முகம் சுளிக்காமல் எங்கள் எல்லோரையும் பேசவிட்டுக்கொண்டிருக்கும் அவைத் தலைவர், எங்கள் மேலாளர் அவர்களே! எங்கள் இரத்தத்தை எடுத்து, எங்களுக்கு உண்மையைக் கொடுத்த மருத்துவர் அம்மா அவர்களே! இந்தக் கூடத்துக்காக எழுதி எழுதிக் கை ஓய்ந்த சங்கத்துப் பெரியவர்களே! செம்பைத் தகடாக்கும் தோழர்களே! பித்தளையைக் குழலாக்கும் சகோதரிகளே! தும்மலைக்கூட வெளியே போய்த் தும்மிவிட்டு வரும் வெடிமருந்துப் பிரிவின் வீரர்களே! எங்களோடு குடும்பம் நடத்தும் பொறுமைசாலிகளான தாய்மார்களே! மூன்றாம் வரிசையில், அம்மா மடியிலிருந்து எனக்குக் கையாட்டிக்கொண்டிருக்கும் என் செல்ல மகளே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

ஒலிவாங்கியை விட்டு இவன் ஏன் இரண்டடி தள்ளி நிற்கிறான் என்று நீங்கள் நினைக்கலாம். மேலாளர் ஐயா அன்போடு கை நீட்டினார். நான் கும்பிட்டேனே தவிர, கை கொடுக்கவில்லை. திமிர் என்று எண்ணிவிடாதீர்கள் ஐயா. நான்கு மணி வரை உலை முன்னால் நின்ற அதே சட்டையோடு, வேண்டுமென்றேதான் மேடை ஏறியிருக்கிறேன். காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

அன்பர்களே, தோட்டா எதனால் ஆனது? தெருவில் போகிறவரைக் கேளுங்கள், இரும்பு என்பார். இரும்பா? இல்லவே இல்லை! அதன் உள்ளம் காரீயம், நாங்கள் உருக்கும் ஈயம். கையில் வைத்தால் கனக்கும், நகத்தால் கீறினால் கோடு விழும், அத்தனை மென்மை. மென்மை மட்டும் போதாதென்று, அதை இறுக்க ஆன்டிமனி என்ற உலோகத்தைக் கொஞ்சம் கலக்கிறோம். அதன் மேலாடை செம்பு. அதன் வீடு பித்தளை. செம்பும் துத்தநாகமும் சேர்ந்து குடித்தனம் நடத்தினால் அதுதான் பித்தளை. அந்த வீட்டுக்குள்ளே வெடிமருந்து. அடியிலே, தட்டினால் பொறி பறக்கும் சின்னஞ்சிறு கிண்ணம்.

பின்வரிசையில் யார் அது சிரிப்பது? பித்தளைப் பிரிவா? சிரியுங்கள், சிரியுங்கள். உங்கள் பொருள் பளபளக்கும். எங்கள் பொருள் கறுக்கும். அழகில் நீங்கள்தான் ஒசத்தி, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மறுபடியும் கேட்கிறேன். தோட்டா இவற்றால் மட்டும்தான் ஆனதா? நாங்கள் மூச்சில் இழுத்த புகை எந்தக் கணக்கில் சேரும்? எங்கள் சட்டை மடிப்பில் ஒட்டிய தூசி எந்தக் கணக்கில் சேரும்? அது தோட்டாவுக்குள் போகவில்லை. பின்னே எங்கே போனது? அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் மூன்று மணிக்கு ஆளுக்கொரு தம்ளர் பால். காரீயம் உடம்பில் தங்காது, பால் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கு முன்னால் இருந்தவர் நம்பினார், நானும் நம்பினேன். நம்பியவன் குடித்தேனா? குடிக்கவில்லை! வீட்டில் பிள்ளை இருக்கும்போது அப்பன்காரனுக்குத் தொண்டையில் இறங்குமா? ஒரு புட்டி வாங்கினேன். உலைக்குப் பக்கத்து ஆணியில் என் பை தொங்கும். அதிலிருந்து புட்டியை எடுப்பேன், இதோ இந்தக் கையாலேயே மூடியைத் திறப்பேன், பாலை ஊற்றுவேன், மூடுவேன், பையில் வைப்பேன். இரண்டு வருடம். ஒருநாள் தவறியதில்லை. தோழர்கள் எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். "என்ன பால்காரரே, கறவை முடிஞ்சுதா?" என்பார்கள். எனக்கோ உள்ளுக்குள் பெருமை பிடிபடாது.

ஐந்து பத்துக்குப் பேருந்தில் ஏறினால் ஆறு மணிக்கு எங்கள் தெரு முனை. அம்மா கையை உதறிவிட்டு இவள் ஓடி வருவாள் பாருங்கள்! செருப்பு ஒரு பக்கம், ரிப்பன் ஒரு பக்கம். வந்து, இந்தக் கால்சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "பால் எங்க?" என்பாள். அப்பாவை எங்கே என்று கேட்கவே மாட்டாள். அப்பா எங்கே போய்விடப் போகிறான்!

போன வருடக் கடைசியில் பிள்ளை சாப்பிட மறுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒன்றிலிருந்து இருபது வரை தடுமாறாமல் எண்ணியவள், ஏழுக்குப் பிறகு என்ன என்று என் முகத்தைப் பார்த்தாள். அடம் என்றேன் நான். "அடம் இல்லைங்க, எனக்கு பயமா இருக்கு" என்றாள் என் மனைவி. இந்த மருத்துவர் அம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரத்தம் எடுத்தார்கள். இரத்தத்தில் காரீயம்.

"வீட்டுல பெயின்ட் ஏதாவது உரியுதா? பழைய பொம்மைய வாயில வைக்கிறாளா?" என்று கேட்டார்கள் டாக்டர்.

"இல்லம்மா. பொம்மையே ரெண்டுதான், ரெண்டும் துணி பொம்மை" என்றாள் என் மனைவி.

"என்ன சாப்பிடுறா?"

"நாங்க சாப்பிடுறதுதாம்மா. அதோட தெனமும் பாலு. இவரு வேலை பாக்கற எடத்துல குடுப்பாங்க. இவரு ஒரு வாய்கூட குடிக்காம இவளுக்குக் கொண்டாந்துருவாரு."

எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா! டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். "அந்தப் புட்டிய நாளைக்குக் கொண்டு வாங்க" என்றார்கள். கொண்டுபோனேன். மூடியின் திருகில் வெள்ளைப் பஞ்சை வைத்து ஒரு சுற்று சுற்றினார்கள். பஞ்சு சாம்பல் நிறமாகிவிட்டது.

"பால் ஈயத்தக் கழுவாதுங்க. தண்ணியும் சோப்பும்தான் கழுவும். நீங்க குளிக்காம, துணி மாத்தாம வீட்டுக்குப் போற ஒவ்வொரு நாளும், பட்டறைய முதுகுல சுமந்துக்கிட்டுப் போறீங்க" என்றார்கள்.

தோழர்களே, எதிரி என்று ஒருவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. இந்தக் கையால் செய்த தோட்டா எந்த ஊருக்குப் போனது, யாரைக் காத்தது, யாரைச் சாய்த்தது, எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கையால் தொட்ட ஈயம் யார் மேல் பட்டது என்பது மட்டும் தெரியும். துப்பாக்கி இல்லை. சத்தம் இல்லை. குறி பார்க்கவில்லை. பாசத்தோடு மூடியைத் திறந்து, பெற்ற பிள்ளைக்கு நானே ஊட்டினேன்!

அழாதீர்கள் தாய்மார்களே, தயவுசெய்து அழாதீர்கள். பிள்ளை தேறி வருகிறாள். அளவு இறங்கிக்கொண்டிருக்கிறது. நேற்று எண்ணும்போது பதினான்கு வரை வந்தாள். ஆனால் மறுபடி ஏறக்கூடாது, ஏறினால் பழையபடி மீள்வாள் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நான்கு மாதமாக அவள் என்னிடம் ஓடி வருவதில்லை. தெரு முனையில் இறங்கியதும் "நில்லு!" என்பேன். நிற்பாள். பத்தடி முன்னால் அவள், பத்தடி பின்னால் நான். வீட்டுப் பின்பக்கக் குழாயில் குளித்த பிறகு தூக்குவேன், கொஞ்சுவேன். ஆனால் அந்த ஓட்டம்? அதை எந்தக் குழாயடியில் தேடுவேன்?

இன்று கூடம் கட்டித் தந்துவிட்டீர்கள். பன்னிரண்டு குழாய். ஆளுக்கு இரண்டு அலமாரி, அழுக்குத் துணிக்கு ஒன்று, வீட்டுத் துணிக்கு ஒன்று. மனமார வாழ்த்துகிறேன். ஆனால் ஐயா, ஐந்து மணிக்குச் சங்கு ஊதும். ஐந்து பத்துக்குப் பேருந்து கிளம்பும். எங்கள் பிரிவில் நாற்பது பேர். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு குழாயில் நாற்பது பேர் குளிப்பதற்கு நாங்கள் என்ன காக்கைகளா, தலையை நனைத்துவிட்டுப் பறப்பதற்கு? ரிப்பன் வெட்டியாகிவிட்டது. நாளை யார் குளிப்பார்கள்? ஒருவரும் குளிக்க மாட்டார்கள். பேருந்தைத்தான் பிடிப்பார்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். பதினைந்து நிமிடம் வேண்டும். பேருந்து ஐந்து இருபத்தைந்துக்குக் கிளம்பட்டும்!

அதோ, தூண் பக்கத்தில் நம் ஓட்டுநர் அண்ணன் எழுந்து நிற்கிறார். ஐந்து பத்து என்றால் ஐந்து பத்துதான், அவர் பெயரே நமக்கு 'அஞ்சு பத்து'! என்ன அண்ணே? கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள்.

"நிக்கறதுக்கு எனக்கென்னப்பா கசக்குதா? லேட்டானா மெமோ எனக்குத்தானே வருது! எழுத்துல குடுக்கச் சொல்லு, காலம்பூரா நிக்கிறேன்!"

கேட்டீர்களா? நியாயமான பேச்சு. தலைவர் அவர்களே, அண்ணன் எழுத்தில் கேட்கிறார். வாய் வார்த்தையை வண்டிச் சக்கரத்துக்குக் கட்டையாகக் கொடுக்க முடியாது அல்லவா?

இருங்கள், கை தட்டாதீர்கள், அமைதி! ஐயா பேனா தேடுகிறார். என் பேனா வேண்டாம் ஐயா, அதிலும் தூசி. பித்தளைப் பிரிவு அக்கா, உங்களுடையதைக் கொடுங்கள். இவ்வளவு நேரம் சிரித்ததற்கு இதாவது செய்யுங்கள். அழைப்பிதழின் பின்பக்கம் எழுதுகிறார். 'நாளை முதல்' என்று எழுதிவிட்டு... அடித்துவிட்டார்! 'இன்று முதல்.' கையெழுத்தும் போட்டுவிட்டார்! அண்ணே, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது தட்டுங்கள், கூரை பிய்ந்தாலும் பரவாயில்லை!

தலைமை தாங்கி, பேனாவையும் தாங்கிய மேலாளர் அவர்களுக்கும், மருத்துவர் அம்மா அவர்களுக்கும், எழுதி ஓய்ந்த சங்கத்துக்கும், பொறுத்திருந்து கேட்ட தாய்மார்களுக்கும் நன்றி சொல்கிறேன். கை குலுக்க வேண்டிய நன்றி பாக்கி இருக்கிறது. அதை ஈரத் தலையோடு திரும்பி வந்து செலுத்துவேன். மணி ஐந்தாகிறது. முதல் குழாய் எனக்கு. வணக்கம்.

பாப்பா, அம்மாகூட பஸ் பக்கத்துல போய் நில்லு. அப்பா குளிச்சுட்டு, வேற சட்டை போட்டுக்கிட்டு வர்றேன். என்னைப் பாத்ததும் ஓடி வந்துடு. இன்னைக்கு நில்லுன்னு சொல்ல மாட்டேன்.