ஏழாவது பல்லு

வண்டிக்காரர்: இழு... இன்னும் இழு... 'டக்'குனு எத்தனை பல்லு விழுந்திருக்கு?

மனைவி: பன்னெண்டு. இதுக்கு மேல இழுத்தா ஹேண்ட் பிரேக்கே கையோட வந்துடும்.

வண்டிக்காரர்: இங்க சக்கரம் ஜாலியா சுத்திக்கிட்டு இருக்கு. சரி, கீழ இறக்கு. பிரேக் நட்டை முறுக்கணும்.

மனைவி: ஜாக்கி நகராதுல்ல? நீங்க லாரிக்கு அடியில கிடக்கீங்க, நான் மேல உக்காந்திருக்கேன்...

வண்டிக்காரர்: முன்சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கேன், அச்சுக்கு ஸ்டாண்டு கொடுத்திருக்கேன். பயப்படாத.

மனைவி: மூணு வருசமா பிரேக் பிடிக்காம, நிறுத்துற எடத்துல எல்லாம் சக்கரத்துக்குக் கல்லைத் தேடி வச்சீங்க. இன்னைக்கு என்ன திடீர்னு அக்கறை?

வண்டிக்காரர்: லோடு இல்ல. கை சும்மா இருக்க மாட்டேங்குது.

மனைவி: அப்ப நல்லா இறுக்கிடுங்க. நாளைக்கு மேட்டுல நிக்கணும்.

வண்டிக்காரர்: எந்த மேட்டுல?

மனைவி: ஏதோ ஒரு... தம்பி வண்டி கேட்டிருக்கான். வீடு மாத்துறானாம்.

வண்டிக்காரர்: மறுபடியுமா? இந்த மாசத்துல இது நாலாவது வீடு. அவன்கிட்ட இருக்கிறதே ஒரு கட்டிலும் ஒரு பீரோவும்.

மனைவி: ஓனருங்க சரியில்ல.

வண்டிக்காரர்: நாலு பேருமா?

மனைவி: நீங்க நட்டைப் பாருங்க.

வண்டிக்காரர்: பாத்தாச்சு. இப்ப இழு.

மனைவி: ஏழு... எட்டு... ஒன்பது. பிடிக்குது. ஆனா உடம்பைத் திருப்பி இழுக்க வேண்டியிருக்கு. அதுல கிளட்சுல இருந்து கால் நழுவுது...

வண்டிக்காரர்: ஸ்டாண்டு மேல நிக்கிற லாரிக்கு எதுக்கும்மா கிளட்ச்?

மனைவி: கால் சும்மா இருக்க மாட்டேங்குது.

வண்டிக்காரர்: சரிதான். இறக்கு... இன்னும் ரெண்டு சுத்து... ம், இழு.

மனைவி: ஏழு. கெட்டியா பிடிச்சிருக்கு.

வண்டிக்காரர்: இறக்கு பாப்போம்... ம்ம். சக்கரம் உரசாம சுத்துது. ஏழுலயே இருக்கட்டும்.

மனைவி: உங்களுக்கு ஒன்பதுதானே வசதி? கை நீளமாச்சே.

வண்டிக்காரர்: நாளைக்கு ஓட்டப்போறது நான் இல்லையே.

மனைவி: ஆமா, தம்பி...

வண்டிக்காரர்: உன் தம்பிக்கு என்னை விடக் கை நீளம்.

மனைவி: அவன் எப்படியோ ஓட்டிக்குவான், விடுங்க.

வண்டிக்காரர்: ஒவ்வொரு தடவையும் ஓட்டிட்டு வந்து சீட்டைப் பின்னால தள்ளி வச்சுடுற. கண்ணாடியைத்தான் திருப்பி வைக்க மறந்துடுற.

மனைவி: நாளைக்குக் காலையில லைசென்ஸ் டெஸ்டுங்க. வாங்கிட்டு வந்து உங்க முன்னாடி நீட்டலாம்னு இருந்தேன். போன வாரம் மேட்டுல நிறுத்தச் சொன்னாங்க, நம்ம வண்டி பின்னால போயிடுச்சு. ஃபெயிலு. வெக்கமா இருந்துச்சு, அதான் சொல்லல. நாளைக்கும் போச்சுன்னா இதோட விட்டுடலாம்னு...

வண்டிக்காரர்: அன்னைக்கு டெஸ்ட் மைதானத்து வேலிக்கு வெளியில நின்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பன்னெண்டு பல்லையும் நீ ஒழுங்காத்தான் இழுத்த. மூணு வருசமா நான் முறுக்காம விட்ட நட்டு உன்னை ஃபெயிலாக்கிடுச்சு. எனக்குத்தான் வெக்கம், அதான் சொல்லல.