காலி நாற்காலிகளுக்கு வணக்கம்

இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் பேருந்து ஓட்டுநர் அண்ணன் அவர்களே, காலையிலிருந்து ஒலிவாங்கியோடு மல்லுக்கட்டி ஜெயித்திருக்கும் எலக்ட்ரீஷியன் அவர்களே, எங்களுக்கு முன்னால் விழுந்து, எங்களுக்கு முன்னால் எழுந்த மூத்தவர்களே, பிள்ளைக்கு என்ன நோய் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டாலும் இன்று பிள்ளையின் பக்கத்திலேயே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, துணையை மன்னித்தவர்களே, இன்னும் மன்னிக்காமலேயே வந்திருப்பவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

மற்ற மேடைகளில் பெயரைச் சொல்லிப் பெருமை சேர்ப்பார்கள். நம் மேடையில் பெயரைச் சொல்லாமல் காப்பதுதான் பெருமை. மற்ற இடங்களில் தலைவர் வந்தால் நாற்காலி போடுவார்கள். நம்மிடம் நாற்காலி போடுகிறவர்தான் தலைவர். அண்ணன் அங்கே தலையைக் குனிந்துகொள்கிறார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகள் அத்தனையும் அவர் தூக்கிப் போட்டவை.

குடிக்கு அடிமையானவரை நோயாளி என்று சொல்ல ஊர் ஒருவழியாகக் கற்றுக்கொண்டது. காமத்துக்கு அடிமையானவருக்கு ஊரிடம் மருந்து உண்டா? இல்லை. மரியாதை உண்டா? இல்லை. வசவு மட்டும் வண்டி வண்டியாக உண்டு. ஆணாக இருந்தால் அரை வசவு, பெண்ணாக இருந்தால் முழு வசவு.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். பட்டமளிப்பு உடையில் நான் நிற்கும் படம் வாசலுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரே குடிப்பார்கள். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டே, முகம் தெரியாதவர்களுக்குக் கைபேசிச் செயலி ஒன்றில் என்னைப் படம் படமாக அனுப்பிக்கொண்டிருந்தேன். சிலரை நேரில் சந்திக்கவும் போனேன். இனி இல்லை என்று சத்தியம் செய்வேன். சத்தியம் செய்த கை சூடு ஆறுவதற்குள் அதே கை தேடிப் போகும். படிப்பு இருந்தது, பிடி இல்லை. பட்டம் இருந்தது, பலம் இல்லை.

பலம் கிடைத்தது, வாரந்தோறும் கூடி மனம்விட்டுப் பேசியே மீண்டுவரும் நம் கூட்டத்தில்தான். ஆனால் இருபத்திரண்டு ஆண்களுக்கு நடுவில் என் பெயரைச் சொல்ல முடிந்ததே தவிர, அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு, பெண்களுக்கென்று தனிக் கூட்டம் தொடங்கினார்கள். சனிக்கிழமை மூன்று மணி. ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி. பக்கத்து அறையில் தையல் வகுப்பு. கதவில் நம் வழக்கப்படி அறை எண் மட்டும். சாவி என்னிடம்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு நம் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்துப் பேர் வந்தாலும் கூட்டம், ஒருவர் வந்தாலும் கூட்டம். ஒருவருமே வராவிட்டால்? சாவி வைத்திருப்பவர் கதவைத் திறந்து, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, தொடக்க உரையைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் போகவேண்டும்.

வாரா வாரம் ஒருவரும் வரவில்லை. ஆனாலும் நான் விதியை விட மாட்டேன். "வணக்கம் தோழியரே" என்று காலி நாற்காலிகளைப் பார்த்துச் சொல்வேன். அவை பதில் வணக்கம் சொல்வதற்கு இடம் விடுவேன். "கைபேசிகளை அணைத்துவிடுங்கள்" என்பேன். அணைத்ததற்கு நன்றியும் சொல்வேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தையல் ஆசிரியையும் சிரித்தார்.

"யார்கிட்டம்மா தனியா பேசிட்டிருக்க?"

"நாற்காலிங்ககிட்டக்கா."

"பதில் சொல்லுதா?"

"குறுக்கப் பேசாம கேக்குதுக்கா. எங்க வீட்டுல அதுகூடக் கிடையாது."

முதல் வாரம் நானும் சிரித்தேன். ஐந்தாவது வாரம் சிரிப்பு நின்றது. பத்தாவது வாரம், படியேறும்போதே கால் கனத்தது. பதினோராவது வாரம் முடிந்ததும் அண்ணன் அழைத்தார்.

"தங்கச்சி, மனசு கேக்கல, ஆனா சொல்லித்தான் ஆகணும். அடுத்த வாரமும் யாரும் வரலேன்னா ரூமைத் திருப்பிக் குடுத்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. நீ எங்க கூட்டத்துக்கே வந்துடு."

"அங்க வந்து என்ன பேசுவேண்ணா?"

பேசினால்தான் பிழைப்பேன் என்று தெரியும். பேச அந்த ஓர் அறைதான் இருக்கிறது என்றும் தெரியும்.

பன்னிரண்டாவது சனிக்கிழமை. கதவைத் திறந்தேன். நாற்காலிகளைப் போட்டேன். உரைத் தாளைக் கையில் எடுத்தேன். வாசிக்கவில்லை. மூத்தவர்களே, மன்னியுங்கள், அன்று நான் வழக்கத்தை உடைத்தேன். யாருக்கு வாசிப்பது? எதற்கு வாசிப்பது? தாளை மடியில் வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தேன். எட்டு மாதத்துக்கு முன் நான் அழித்த அந்தச் செயலியை மறுபடி இறக்க ஆரம்பித்தேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அறையில் ஓசை இல்லை.

அப்போது கதவு தட்டும் சத்தம். கதவைப் பாதி திறந்துகொண்டு ஒரு பெண். தோளில் பை, காலில் மருத்துவமனைச் செருப்பு. அவர் ஒரு நர்ஸ். இதை அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன்.

"இன்னைக்குக் கூட்டம் இல்லீங்களா? சத்தமே காணோமே."

"நீங்க யாரு?"

"நான் இங்கதாங்க, படிக்கட்டுலதான் உக்காந்திருப்பேன். ஏழு வாரமா வர்றேன். நீங்க கதவை மூடினதும் வந்து, முடியறதுக்குள்ள எறங்கிப் போயிடுவேன். வணக்கம்பீங்க, கைபேசியை அணைங்கம்பீங்க, நன்றிம்பீங்க. உள்ள முப்பது பேராவது இருப்பாங்கன்னு நெனச்சேன். அத்தனை பேர் முன்னாடி எப்படி நுழையறது? கூட்டம் கொஞ்சம் கொறையட்டும்னு காத்திருந்தேன்."

கேட்டீர்களா? வராத கூட்டத்துக்கு நான் அழுதுகொண்டிருந்தேன். வந்த பெண்ணோ கூட்டத்துக்குப் பயந்து வெளியே உட்கார்ந்திருந்தார். இடையில் ஒரு கதவு. ஒரே ஒரு கதவு.

"முப்பது பேர் இல்லீங்க," என்றேன். "நான் மட்டும்தான்."

அவர் வட்டமாகக் கிடந்த நாற்காலிகளைச் சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அடிப்பாவி," என்றார். அதுவரை எனக்கு யாரும் அவ்வளவு அன்பாக வசவு கொடுத்ததில்லை.

"வாசிக்கலையா?" என்று கேட்டார். தாளை எடுத்தேன். எழுத்து கலங்கியது. அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு, தாள் இல்லாமலேயே சொல்லத் தொடங்கினார். ஏழு வாரம் படியில் உட்கார்ந்து கேட்டதில் அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. "வணக்கம் தோழியரே" என்றார். நிறுத்தினார். நான் பதில் வணக்கம் சொல்லவேண்டிய இடம் அது. சொன்னேன். "கைபேசிகளை அணைத்துவிடுங்கள்" என்றார்.

என் கையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது. அணைத்தேன்.

"நன்றி," என்றார் அவர். நான் எப்படிச் சொல்வேனோ அதே ராகத்தில்.

என்னைத் தாங்கியது யார்? உபதேசமா? உறுதிமொழியா? எவர் காதிலும் விழவில்லை என்று நினைத்து நான் வாசித்த வரிகள், இன்னொருத்தி வாய்வழியாக என்னிடமே திரும்பி வந்து என்னைப் பிடித்து நிறுத்தின. அவருக்குச் சேவை செய்ததாக நான் சொல்லிக்கொள்ள முடியுமா? என்னைக் காப்பாற்றியதாக அவர் சொல்லிக்கொள்ள முடியுமா? ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டபின் எந்தக் கை எதைத் தாங்குகிறது என்று யார் பிரித்துச் சொல்வது?

அன்று அண்ணனுக்கு நானே அழைத்தேன்.

"எத்தன பேர் தங்கச்சி?"

"ரெண்டு பேர்ண்ணா."

எதிர்முனையில் பேருந்து வேகம் குறைந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "ஓரங்கட்டி நிறுத்தியிருக்கேன் தங்கச்சி. வண்டி நிறைய ஆளு. அழவும் முடியல."

இன்று பெண்கள் கூட்டத்தில் ஒன்பது பேர். எட்டுப் பேர் இந்த அரங்கத்தில் உங்களோடு உட்கார்ந்திருக்கிறோம். ஒன்பதாமவர் எங்கே என்று முன் வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார். சொல்கிறேன் அம்மா.

இன்று சனிக்கிழமை. மணி மூன்று பத்து. விழாவுக்கு வாங்க, ஒரு வாரம் பூட்டினால் என்ன என்று நர்ஸ் அக்காவை எட்டுப் பேரும் கெஞ்சினோம். "நீங்க போய்ட்டு வாங்கடி," என்றார். இந்த நேரம் அங்கே தனியாக உட்கார்ந்து, காலி நாற்காலிகளுக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பார். கதவை மட்டும் அகலத் திறந்து வைத்திருப்பார், உள்ளே ஒருவர்தான் என்று படியிலிருந்தே தெரியும்படி.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், என் குரல் நடுங்கியபோதெல்லாம் கைதட்டித் தாங்கிய தோழர்களுக்கும், தாய்மார்களுக்கும் நன்றி. இன்று முதல் முறையாக ஏதோ ஒரு படிக்கட்டில் தயங்கி நிற்பவருக்கு, அவர் யாராக இருந்தாலும், எங்கள் ஒன்பது பேரின் வணக்கம்.