ஓட்டுகிறவன் என்ன சாதி?

ஆரல்வாய்மொழியில் நாகர்கோவில் பஸ் புறப்பட நின்றது. எல்லோரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. காற்று பறித்துவிடாதபடி துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் மட்டும் படியில் கால் வைக்காமல் நின்றார். எனக்கு முன் இருக்கையிலிருந்து அவருடைய மைத்துனர் கத்தினார்.

"ஏறும் அத்தான்! அக்கா ஆஸ்பத்திரியில கெடக்கா."

"ஓட்டுதவன் என்ன சாதின்னு தெரியாம எப்படிலே ஏறது? ஒரே கூரைக்குக் கீழ இருக்கணும்லா?"

"நேத்து கோயில்ல கதை கேட்டுட்டு நீருதானே அழுதீரு? தேரோட்டி வளத்த பிள்ளைகிட்ட சபையில வச்சுக் குலம் கேட்டுட்டானுவளேன்னு துண்டு நனைய அழுதீரே!"

"அது அநியாயம்லா. வில்லெடுத்து வந்தவன்கிட்ட குலம் எதுக்கு?"

"பின்னே, வண்டி ஓட்ட வந்தவன்கிட்ட எதுக்குக் கேக்கீரு? அந்தக் கதையில சாமியே தேரோட்டினாருல்லா? அவருக்க சாதியக் கேட்டுக்கிட்டா ஏறினானுவ?"

"சாமிக்க சாதிதான் எல்லாருக்கும் தெரியுமேலே."

மைத்துனர் ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டார்.

"அப்பம் அந்தப் பிள்ளைக்காக எதுக்கு அழுதீரு?"

"அவன் உள்ளபடி ராசா வீட்டுப் பிள்ளையாக்கும். அதான் எனக்குப் பொறுக்கல."

"உள்ளபடியே தேரோட்டிக்குப் பொறந்தவனா இருந்தா?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்பம் கேட்டதில என்ன தப்பு?"

அதுவரை திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்த டிரைவரின் தோளை மைத்துனர் எட்டித் தொட்டார்.

"நீ வண்டிய எடு மக்கா."