அண்ணி அழவில்லை

சேலத்து மோட்டாரில் ஜன்னலோரமாக உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும், ஐயா. அன்றைக்கும் ராசிபுரம் தாண்டும்வரை தூங்கினேன். பக்கத்தில் அண்ணி உண்ணாமலை முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாள். மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் பச்சமுத்துவுக்குத் தோட்டத்தில் வேலை. அதனால் என்னைத் துணைக்கு அனுப்பினான்.

கண் டாக்டர் மை ஒற்றும் தாள்போல ஒன்றைச் சன்னமாக நறுக்கி, நுனியை மடித்து, அவளுடைய கீழிமைக்குள் செருகினார். கண்ணீர் ஊறினால் தாள் நனையுமாம். எங்களுக்கு முன்னால் வந்த பெரியவருக்குப் பாதிக்குமேல் நனைந்திருந்தது. அண்ணியின் தாள் வைத்தபடியே காய்ந்திருந்தது.

"இவங்களுக்குக் கண்ணீரே சுரக்கலை. துக்கத்திலேயும் வராது. புகைப் பக்கம் விடாதீங்க, கண்ணே போயிரும்" என்றார் டாக்டர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அண்ணனுக்கு அவள்மேல் உயிர். தோட்டத்தை விற்றுவிட்டு, வைத்தியத்துக்காகச் சேலத்துக்கே குடிபோகிறேன் என்றான். நானும் அந்தத் தோட்டத்தை நம்பித்தான் இருந்தேன். கிணற்று மேட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அண்ணன் கிணற்றுக்குள் இருந்தான்.



பிணத்தை மேலே எடுத்து வாசலில் போட்டார்கள். "பச்சமுத்து தவறி உழுகுற ஆளா?" என்று யாரோ கேட்டார்கள். நாலைந்து பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் எங்கள் அத்தை மாரக்காள் வாயைத் திறந்தாள்.

"புருசன் செத்துக் கெடக்கறான். இவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லையே!"

எல்லாக் கண்ணும் என்னை விட்டு அண்ணி பக்கம் போயிற்று. எனக்கு மூச்சு வந்தது.

"எனக்குக் கண்ணீரு வராதுங்க, டாக்டரு சொன்னாருங்க" என்று அண்ணி என் காலடிக்கு வந்தாள். "கூட இருந்தீங்களே சாமி, நீங்க சொல்லுங்க சாமி."

"மருந்து ஊத்துனாருங்க. அப்படியொண்ணும் சொல்லலீங்களே" என்றேன்.

அவள் அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று தெரிந்தது. இன்னொரு வார்த்தை பேசிவிடுவாளோ என்று பயந்தேன். அதனால்தான் மிளகாயைச் சொன்னேன்.

"நெஞ்சுல ஈரமிருந்தா மொளகாப் பொகைக்காவது கண்ணு கலங்குமுங்களே. வெச்சுப் பாருங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

கூட்டத்தில் நின்ற ஊர் மணியக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தணல் சட்டியில் காய்ந்த மிளகாயை அள்ளிப் போட்டு, பெண்கள் அவள் பிடரியைப் பிடித்து அழுத்தினார்கள். வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் இருமலும் கண்ணீருமாக இருந்தது. எனக்கும் தாரையாக வடிந்தது. "பாவம், கூடப்பிறந்தவன் எப்படி அழுவறான்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு மட்டும் வரவில்லை. அலறல்தான் வந்தது, வெகுநேரம். கொலைகாரி என்று ஊர் முடிவு கட்டியது.

பார்வை போன பிறகு அவளைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதே டாக்டர் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவர் ஸ்டேஷனில் சொல்லித்தானே நீங்கள் வந்தீர்கள்.

அண்ணனைத் தள்ளியது என் கைதான், ஒப்புக்கொள்கிறேன். அண்ணியை நான் தொடக்கூட இல்லை, ஐயா.