கவிழ்த்து வைத்த கோப்பை

நீங்கள் வந்து உட்கார்ந்தபோது உங்கள் தேநீர்க் கோப்பையின் பிடி கதவுப் பக்கம் இருந்தது. காகிதங்களை ஒதுக்கும்போது முழங்கை பட்டு இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. இதைச் சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கொலையைப் பற்றிக் கேட்கிற இடத்தில் கோப்பையைப் பற்றிப் பேசினால், வயதாகி மூளை குழம்பிவிட்டது என்றுதான் நினைப்பீர்கள்.

குழம்பவில்லை. என் பிழைப்பே அதுதான். சினிமாவில் கன்டினியூட்டி என்பார்கள். ஒரு காட்சியின் பாதியை இன்று எடுப்பார்கள், மீதியை அடுத்த வாரம் எடுப்பார்கள். தம்ளரில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தது, கழுத்துத் துணியின் முடிச்சு எந்தத் தோளில் விழுந்தது என்று யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் கவனித்தேன். வேலை செய்த இடத்தில் எல்லோருக்கும் நான் 'கன்டி'. விளக்குப் போடுகிறவர் தினமும் காலையில் என்னைப் பார்த்ததும், "கன்டி, நேத்து எனக்கு எத்தனை பல்லு இருந்துச்சு? சரியாப் பார்த்துச் சொல்லு," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு அவரவர் கூட்டத்தோடு சாப்பிடப் போய்விடுவார்கள். எந்தக் கூட்டத்திலும் எனக்கு இடம் இல்லை. அதில் வருத்தமும் இல்லை. படத்தின் முடிவில் விளக்குப் போட்டு, ஜனங்கள் எழுந்து பையைத் தேடும் நேரத்தில் என் பெயர் திரையில் ஏறும். பெயருக்காக நான் எதையும் செய்ததில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

இயக்குநரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சினிமா பைத்தியம் பிடித்த நாலு பேர் கூடினால், உனக்குப் பிடித்த இயக்குநர் யார் என்ற பேச்சு வராமல் போகாது. அந்தப் பேச்சில் அவர் பெயர் வராமலும் போகாது. அவருடைய வழக்கம் ஒன்றை அவர்கள் பக்தியோடு சொல்வார்கள். காட்சி ஓடும்போது அவர் பார்க்க மாட்டார். நடிகருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, காதில் ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "நான் பார்த்தா எனக்காக நடிப்பாங்க. பார்க்காம இருந்தா வாழ்ந்துடுவாங்க," என்பார். இதை வைத்து எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள்.

அவர் பார்க்கவில்லை என்றால் வேறு யார் பார்த்தது என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.

நான் பார்த்தேன். அவர் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டு, அவர் பார்க்காத பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். காட்சி நினைத்தபடி முடிந்ததும் அவருடைய முழங்கையை ஒரு விரலால் தொடுவேன். அவர் "கட்" என்பார். நடுவில் ஏதாவது தவறினாலும் தொடுவேன், நிறுத்துவார். நான் தொடாமல் அவர் நிறுத்தியதே கிடையாது. கேமராக்காரருக்கும் மற்றவர்களுக்கும், அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்வரை அசையக் கூடாது என்பது கட்டளை.

அந்தப் பெண் புதிது. அதற்கு முன் ஒரே ஒரு படத்தில் நடித்திருந்தாள். முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். ஒரு நாற்காலியைக் காலாலேயே இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். என்னை அக்கா என்று கூப்பிட்டாள். அங்கே என்னை உறவு சொல்லி அழைத்தவள் அவள் ஒருத்திதான். உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டாள். சொன்னேன், முழங்கையைத் தொடுவதையும் சேர்த்து. அவள் வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அப்ப அவரு சும்மா நிக்கறாரு. நீங்கதான்க்கா டைரக்டர்."

நானும் சிரித்தேன். அடுத்த நிமிஷம் அவள் தன் தங்கையின் பரீட்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். சொன்னதை அவள் மறந்திருப்பாள். மறக்காமல் இருப்பதற்கு அங்கே இருந்தவள் நான்.

கடைசிக் காட்சி இது. வராதவனுக்காகக் காத்திருக்கிற ஒருத்தி, அவன் வரமாட்டான் என்று புரிந்துகொள்கிறாள். சிறிய அறை, நல்ல குளிர்காலம், இரும்புக் கணப்பில் கரி எரிகிறது. அவள் கோப்பையில் இருப்பதைக் குடித்து முடிக்கிறாள். எழுந்து போய் ஜன்னலைத் திறக்கிறாள். காற்று உள்ளே வருகிறது. அதோடு படம் முடிகிறது. இதை வெட்டாமல் ஒரே ஷாட்டாக எடுக்க வேண்டும் என்றார் இயக்குநர். செட் போடச் சம்மதிக்கவில்லை. உண்மையான கல் வீடு, உண்மையான கரி. அறையில் ஆள் நிற்க இடமில்லாததால் கேமராவை வெளியே வைத்து ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்தோம். நாங்கள் எல்லோருமே வெளியில்தான். காற்று கதவிடுக்கில் புகுந்து ஊளையிடுகிறது என்று ஒலிப்பதிவாளர் இடுக்குகளில் எல்லாம் துணியைத் திணித்தார். முந்தின நாள் ஒத்திகையின்போது ஜன்னல் பாதி திறந்திருந்தது. அப்படியும் தலை கனத்தது என்று அவள் சொன்னாள்.

அன்று காலையில் ஒப்பனை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எனக்கு பயமா இருக்குக்கா. அவரு திரும்பிக்கிட்டு நிப்பாரு. நான் பாட்டுக்கு எழுந்து வந்துட்டா ஷாட் பாழாயிடும், திட்டுவாரு. முடியலைன்னா நான் கப்பைக் கவுத்து வெச்சிடறேன். நீங்க அவரைத் தொட்டுடுங்க."

"சரிம்மா. நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

இந்த ஏற்பாடு எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லிவிடலாம் என்று ஒரு தடவை எழுந்தேன். அவர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

காட்சி ஓட ஆரம்பித்தது. அவள் குடித்தாள். கழுத்துத் துணியைத் தளர்த்திக்கொண்டாள். எழுந்திருக்க வேண்டிய இடம் வந்தது, எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தில் அதுவரை ஒரு நடிகை இருந்தாள், கெட்டிக்கார நடிகை. இப்போது அந்த நடிகை மெல்லப் போய்விட்டாள். நான் எத்தனையோ முகங்களை வருஷக்கணக்காகப் பார்த்தவள். அவ்வளவு வெறுமையான, அவ்வளவு உண்மையான முகத்தை எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. பிறகு அவள் கோப்பையை எடுத்தாள். கவிழ்த்து வைத்தாள். அவசரமில்லாமல், ஒரு சின்னச் சத்தத்தோடு.

என் விரல் அவர் முழங்கைவரை போய்விட்டது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அப்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேமராவுக்கு ஒரு சாண் இடப்பக்கம். அங்கேதான் என் நாற்காலி இருந்தது. இன்னும் ஒரே ஒரு கணம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்தக் கணத்துக்குப் பிறகு இன்னொன்று வந்தது. வெளியே நல்ல குளிர். கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். கை ஜன்னல் கொக்கிவரை வந்து வழுக்கியது. பிறகு சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கணப்பின் வெளிச்சம் மட்டும் கன்னத்தில் அசைந்துகொண்டிருந்தது. காட்சியை மாற்றிவிட்டார் போலிருக்கிறது என்று கேமராக்காரர் நினைத்தார். இயக்குநர் அடிக்கடி மாற்றுகிறவர்தான். யாரும் அசையவில்லை. "ரீல் தீர்ந்துடுச்சு சார்," என்று கேமராக்காரர் சொன்னபிறகுதான் எல்லாம் முடிந்தது. இயக்குநர் ஹெட்போனைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. "இப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை," என்றார். அதற்கப்புறம்தான் திரும்பினார்.

கதவைத் திறந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். மருத்துவர் வந்தார். அவருக்கு அங்கே அதிக வேலை இருக்கவில்லை.

கரிப்புகை, மூடிய அறை, எதிர்பாராத விபத்து என்று அப்போது விசாரித்தவர்கள் முடிவு செய்தார்கள். துணி திணித்த ஒலிப்பதிவாளர் தான்தான் கொன்றுவிட்டோம் என்று தொழிலையே விட்டுவிட்டார். சாகும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாராம். பாவம். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

படம் வெளிவந்தது. மீதியெல்லாம் உங்களுக்கே தெரியும். எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்தில் நான் ஒரு சாதாரண உறுப்பினர். அங்கே வருஷா வருஷம் பிடித்த இயக்குநருக்கு ஓட்டுப் போடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் அவர்தான் முதல், அதுவும் அந்த ஒரு ஷாட்டுக்காக. கூட்டம் முடிந்து தேநீர் குடித்தபின் எல்லோரும் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள். அவருக்கு மரியாதையாம். எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவர் என்பதால் 'பேராசிரியர்' என்று நாங்கள் கூப்பிடும் ஒருவர் உண்டு. கேமராவுக்குப் பக்கத்தில் விழும் அந்தப் பார்வை கடவுளை நோக்கியது என்று அவர் ஒரு மாலை முழுவதும் விளக்கினார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு மாணவி, "உங்களுக்குப் பிடிச்ச டைரக்டர் யாரு ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஒருத்தர் இருக்காங்கம்மா, உனக்குத் தெரியாது என்றேன். கிழங்களுக்கு எப்போதும் யாராவது ஒரு பழைய ஆள் உண்டு என்று அவள் நினைத்திருக்கலாம்.

என் வீட்டை உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள். ஒரே அறை. இரண்டாவது நாற்காலி கிடையாது, தேவைப்பட்டதில்லை. அந்தப் படம் எங்கே போட்டாலும் போய்விடுவேன். கோப்பை கவிழும்போது அரங்கமே மூச்சை அடக்கிக்கொள்ளும். அவள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். அதற்கு முன்னும் பின்னும் என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. அந்தச் சில விநாடி எனக்கு அவளும் உண்டு, இருட்டில் அத்தனை பேரும் உண்டு. விளக்குப் போட்டதும் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஒரே ஒரு விஷயம் உறுத்தியது. தொலைக்காட்சிப் பேட்டியில் அவரிடம் கேட்டார்கள், அவ்வளவு நேரம் ஷாட்டை எப்படி ஓட விட்டீர்கள் என்று. அவர் சிரித்தார். "நிறுத்தக் கூடாதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. என் முதுகுக்குத் தெரிஞ்சுது," என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. மறு ஒளிபரப்பு எப்போது என்று பார்த்து வைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்டேன். அதையேதான் சொன்னார்.

இப்போது அந்த வாயே அவருக்கு வினையாகிவிட்டது. படத்தைச் சுத்தப்படுத்திப் புதிதாக வெளியிட்டபோது, அதுவரை பார்க்கத் தைரியம் இல்லாமல் இருந்த அவள் தங்கை முதல்முறையாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். சின்ன வயதில், 'போதும், என்னால முடியாது' என்று அம்மாவுக்குக் காட்ட அக்கா கோப்பையைக் கவிழ்த்து வைப்பாளாம். அரங்கிலேயே தங்கை கத்திவிட்டாள் என்றார்கள். பிறகு புகார். பேட்டியில் சொன்னது பத்திரிகைகளில் வந்தது. கழகச் சுவரிலிருந்து அவர் படத்தைக் கழற்றிவிட்டார்கள், கழற்றியவர் பேராசிரியர்தான். இயக்குநரோ பக்கவாதத்தில் பேச்சு போய்ப் படுத்திருக்கிறார். இல்லை என்று சொல்ல அவரால் முடியாது.

நீங்கள் நல்லவர், மேடம். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டீர்கள். கேட்டபிறகும், நீங்கள் வரும்போதே தட்டச்சு செய்து கொண்டுவந்த காகிதத்தைத்தான் என் பக்கம் தள்ளுகிறீர்கள். கோப்பை கவிழ்ந்தால் என்ன அர்த்தம் என்று இயக்குநருக்குத் தெரியும், பேசாமல் இருக்கும்படி அவர் கையைக் காட்டினார், உதவியாளரான நான் பயந்து கீழ்ப்படிந்தேன் என்று அதில் இருக்கிறது.

"இந்த வயசுல ஜெயில் எதுக்கும்மா? நீங்க சொல்ற கதையை யாரும் நம்ப மாட்டாங்க. இதுல கையெழுத்து போடுங்க. சாட்சியா வந்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

"அந்தப் பொண்ணோட தங்கச்சி இதை நம்பறாங்களா?"

"அவங்களுக்கு ஒரு பதில் வேணும். நீங்க போட்டா கிடைச்சிடும்."

நான் யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போகலாம், அந்த ஒரு நாற்காலிக்கு. ஆனால் ஒரு மனிதர் செய்யாததை அவர் தலையில் கட்டக் கூடாது. வேறு காரணம் எதுவும் இல்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் பேனாவை மூடி, முதலில் இருந்த இடத்திலேயே, மூடி உங்கள் பக்கம் இருக்கும்படி வைத்தேன்.

"வேண்டாம் மேடம். இத்தனை வருஷமா அவரு பேர்லயே இருந்துச்சு. போதும். அது நான் எடுத்த ஷாட்."